கொச்சைக்கு இலக்கணம் எழுதியவர்

பள்ளிக்கூடத்தில் எங்கள் கரிசல் பேச்சைக் கொச்சை என்பார்கள். அந்தப் பேச்சுக்கு 1982இல் அகராதி போட்டார் இடைசெவல் கி.ராஜநாராயணன். அதைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இன்னொருவரும் ஞாபகம் வருவார்: கோவில்பட்டிக்குப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி. நம்ம வீரமாமுனிவர்தான்.

1710இல் அவர் கோவாவில் வந்து இறங்கியது வேதம் சொல்ல. ஆனால், சம்சாரியிடம் எதைச் சொல்வதானாலும் சம்சாரி பேச்சு தெரியணுமே? ஏட்டுத் தமிழ் மட்டும் அதற்குக் காணாது. பின்னால் வரும் பாதிரிமாருக்காக, பேச்சுத் தமிழுக்கு லத்தீன் மொழியில் 1728இல் ஓர் இலக்கணம் எழுதி முடித்தார். அதற்குக் 'கொடுந்தமிழ்' என்று பெயர். அடுத்து, செய்யுளாக மனப்பாடம் செய்துவந்த நிகண்டுச் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, 1732இல் சதுரகராதி செய்தார்.

வேடிக்கை என்னன்னா, தரங்கம்பாடி லூத்தரன் மிஷனை எதிர்த்துப் புத்தகமே எழுதியவர் அவர். அந்த இலக்கணத்தை 1738இல் அச்சுப் போட்டதும் அதே மிஷன்தான்! சமயச் சண்டை ஒருபக்கம் கிடக்க, ஜனங்களின் பேச்சு இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது.

அவர் சொல்ல வந்த வேதத்தை ஏற்றவர்கள் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அவர் செய்த அகராதி வேலை எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. எங்களைக் கொச்சை என்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.