எஸ்பிஎம்மோடு நின்ற படிப்பைத் தொடர முடியுமா? வேலை அனுபவத்தை வைத்துப் பட்டப்படிப்புக்குச் செல்லும் வழிகள்

எஸ்பிஎம் முடிந்த கையோடு வேலைக்குப் போனவர்கள் நம்மிடையே அதிகம். தோட்டத்தில் அப்பாவின் சம்பளம் போதவில்லை, தம்பி தங்கைகள் படிக்க வேண்டியிருந்தது, அல்லது இரண்டு மூன்று பாடங்கள் கைநழுவிப் போயின. காரணம் எதுவாக இருந்தாலும், 18 வயதில் தொழிற்சாலைக்குப் போனவர் 35 வயதில் சூப்பர்வைசராக இருக்கிறார். வேலை அத்துப்படி. ஆனால், அடுத்த பதவிக்கான விண்ணப்பப் பாரத்தில் 'பட்டம்' என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. நேற்று வந்த பட்டதாரிக்கு வேலை பழக்கிக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழேயே வேலை செய்ய வேண்டிய நிலை.

இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்துத்தான் "வேலை அனுபவம் இருந்தால் போதும், விரைவில் பட்டம்" என்ற விளம்பரங்கள் கைப்பேசியில் வந்து விழுகின்றன. இவற்றில் உண்மையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, சட்டப்படி என்ன வழி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நம் நாட்டில் உயர்கல்வித் தகுதிகளை மதிப்பிட்டு அங்கீகரிப்பது மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்கியூஏ. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த முகமைதான், வகுப்பறைக்கு வெளியே கற்றதையும் கல்வியாகக் கணக்கில் எடுக்கும் 'ஏப்பெல்' முறையை நடத்துகிறது. முன் அனுபவத்தால் பெற்ற அறிவை அங்கீகரிப்பது என்பது இதன் பொருள். இதில் மூன்று பிரிவுகள் உள்ளன. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் பலரும் குழம்புவது இங்கேதான்.

ஏப்பெல் ஏ என்பது உள்ளே நுழைவதற்கான கதவு. எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா இல்லாதவர், அனுபவத்தைக் காட்டிப் பட்டப்படிப்பில் சேர இது உதவுகிறது. பட்டப்படிப்புக்குக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். சேரப்போகும் துறைக்குத் தொடர்புடைய வேலை அனுபவமும் வேண்டும். டிப்ளோமாவுக்கு 20 வயது, சான்றிதழ் நிலைக்கு 19 வயது. எஸ்டிபிஎம்மோ டிப்ளோமாவோ வைத்திருப்பவருக்குப் பொதுவாக இது தேவையில்லை. வழக்கமான வாசலிலேயே அவர் போகலாம்.

ஏப்பெல் சி வேறு. படிப்பில் சேர்ந்த பிறகு, ஏற்கெனவே தெரிந்த பாடங்களைத் திரும்பப் படிக்காமல் அவற்றுக்கான கிரெடிட்டை வாங்கிக்கொள்வது. படிப்புக் காலத்தைக் குறைப்பது இதுதான். மூன்றாவதான ஏப்பெல் கியூ, அனுபவத்தை முழுமையாக மதிப்பிட்டுத் தகுதியையே வழங்கும் ஏற்பாடு. அது நீண்ட காலம் ஒரே துறையில் ஊறிப்போனவர்களுக்கானது. எல்லாக் கழகங்களும் இதை நடத்துவதில்லை, எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்துவதும் இல்லை. நம் வாசகர்களில் பெரும்பாலோருக்குப் பயன்படப்போவது முதல் இரண்டுமே.

எவ்வளவு விரைவு?

விளம்பரத்தில் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. மலேசியாவில் இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, சொந்த வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் இதில் அடங்கும். ஆக மொத்தம் 4,800 மணி நேரம்.

வேலை முடிந்து வீடு திரும்பி, பிள்ளைகளின் பாடத்தையும் பார்த்துவிட்டு, வாரத்திற்கு 15 மணி நேரம் ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 780 மணி நேரம். அந்த வேகத்தில் 4,800 மணி நேரத்தை முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வாரம் 20 மணி நேரம் என்றால் நான்கரை ஆண்டுகளுக்குச் சற்று அதிகம்.

ஏப்பெல் சி வழியாக மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை பெறலாம் என்பது பொதுவான உச்சவரம்பு. 120-இல் அது 36 கிரெடிட். அதாவது 1,440 மணி நேரம் குறைகிறது. மீதமுள்ள 3,360 மணி நேரத்தை வாரம் 20 மணி நேரத்தில் முடிக்க ஏறக்குறைய மூன்றே கால் ஆண்டு. பகுதி நேர மாணவருக்கு நேர்மையாகக் கிடைக்கக்கூடிய 'விரைவு' இவ்வளவுதான். அதுவும் 36 கிரெடிட்டும் கிடைத்தால். பத்துப் பன்னிரண்டு கிரெடிட் கிடைத்தாலே நல்லது என்ற எண்ணத்தோடு தொடங்குவது புத்திசாலித்தனம். ஒரே ஆண்டில் பட்டம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி கிரெடிட் மாற்றம். பாதியில் நின்றுபோன டிப்ளோமாவோ பட்டப்படிப்போ இருந்தால், அதில் தேறிய பாடங்களைப் புதிய படிப்புக்குக் கொண்டுவரக் கேட்கலாம். அந்தப் பாடத்தில் குறைந்தது 'சி' கிரேடு வாங்கியிருக்க வேண்டும். இரண்டு பாடங்களின் உள்ளடக்கமும் 80 விழுக்காடாவது ஒத்திருக்க வேண்டும். குடும்பச் சூழ்நிலையால் இரண்டாம் ஆண்டில் நின்றவர்கள் அந்தப் பழைய தேர்வு முடிவுத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். பழைய கிரெடிட்டுக்குக் கால வரம்பு உண்டா, இதையும் ஏப்பெல் சி-யையும் சேர்த்துக் கேட்க முடியுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தேர்வும் கோப்பும்

பட்டப்படிப்பு நிலைக்கான ஏப்பெல் ஏ மதிப்பீட்டில் ஒரு திறனறித் தேர்வும், 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் அனுபவக் கோப்பும் உண்டு. எம்கியூஏ நியமித்த ஏப்பெல் மதிப்பீட்டு மையங்களில் இது நடைபெறும். மொழி, கணக்கு, பொது அறிவு ஆகியவற்றைச் சோதிக்கும் தேர்வைப் பயிற்சியால் கடந்துவிடலாம். நம்மவர்கள் தடுமாறுவது கோப்பில்தான்.

பத்து ஆண்டு வேலை செய்தேன் என்று எழுதினால் அது கோப்பு ஆகாது. அந்தப் பத்து ஆண்டில் என்ன கற்றீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்பதே கேள்வி. கிடங்கில் வேலை செய்தவர், சரக்கு இருப்பு குறைந்தபோது எப்படிக் கண்டுபிடித்தார், எந்த மென்பொருளைப் பயன்படுத்தினார், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினார் என்று எழுத வேண்டும். முதலாளியின் கடிதம், பணி விவரம், பயிற்சிச் சான்றிதழ், தொழில் உரிமங்கள், தயாரித்த அறிக்கைகள், வேலைப் படங்கள் எல்லாம் இணைப்பாகச் சேரும். எழுதுவது மலாயிலோ ஆங்கிலத்திலோதான். தமிழில் சரளமாக யோசிப்பவர்கள் முதலில் தமிழிலேயே குறிப்பு எழுதிக்கொண்டு பிறகு மாற்றி எழுதலாம். எதையும் விட்டுவிடாமல் இருக்க அது உதவும்.

சம்பளம் வாங்கிய வேலை மட்டும்தான் அனுபவம் என்று நினைத்துவிடாதீர்கள். முறைசாராக் கற்றலையும் ஏப்பெல் ஏற்கிறது. கோயில் நிர்வாகத்தில் ஐந்து ஆண்டு பொருளாளராக இருந்து கணக்கறிக்கை தாக்கல் செய்தவர், இளைஞர் மன்றத்தில் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவர், தாமானில் டியூஷன் நடத்தியவர் எல்லாரிடமும் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். அது சேரப்போகும் துறையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். கோயில் கணக்கு வணிக நிர்வாகப் படிப்புக்குத் துணை நிற்கும். கணினித் துறைக்கு நிற்காது.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வேலை செய்த தோட்டம் கைமாறிவிட்டது, பழைய கம்பெனி மூடப்பட்டுவிட்டது, கடிதம் கொடுக்க ஆளில்லை. அப்போது ஊழியர் சேமநிதி வாரியத்தின் சந்தா அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எந்த மாதம் எந்த முதலாளி சந்தா கட்டினார் என்ற விவரம் அதில் இருக்கும். வேலை செய்த காலத்தை நிறுவ அது கைகொடுக்கும். சேமநிதி பிடிக்காமல் கையில் சம்பளம் கொடுத்த இடங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த ஆதாரமும் இருக்காது என்பது வருத்தமான விஷயம்.

கைத்தொழில் தெரிந்தவர்கள் வேறு பாதையையும் பார்க்கலாம். மெக்கானிக், வயரிங், வெல்டிங், சமையல் போன்ற துறைகளில், திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே, முந்தைய அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்குகிறது. எஸ்கேஎம் மூன்றாம் நிலை, பிறகு நான்காம் நிலையான டிகேஎம் டிப்ளோமா என்று படிப்படியாக ஏறலாம். பட்டம்தான் வேண்டும் என்று அவசரப்படாமல், இதை முதலில் முடித்தால் சம்பளத்தில் பலன் சீக்கிரம் தெரியும்.

எங்கே படிப்பது?

வேலை செய்பவர்களை மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டவை திறந்த பல்கலைக்கழகங்கள். 2000-இல் தொடங்கிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (ஓயூஎம்) நாட்டின் பல நகரங்களில் கற்றல் மையங்கள் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு மூன்று முறை மாணவர்களைச் சேர்க்கிறது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. ஆசிய இ பல்கலைக்கழகமும் இணையவழிப் படிப்புகளை நடத்துகிறது. இவை தவிர, பல தனியார் பல்கலைக்கழகங்களிலும் வார இறுதி வகுப்புகள் உண்டு.

எங்கே சேர்ந்தாலும் ஒரு வேலையை மறக்காதீர்கள். எம்கியூஏ இணையத்தளத்தில் மலேசியத் தகுதிப் பதிவேடு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமல்ல, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரையும் அதில் தேடுங்கள். முழு அங்கீகாரம் பெற்ற படிப்பின் எண்ணில் 'எஃப்ஏ' என்றும், தற்காலிக அங்கீகாரம் பெற்றதில் 'பிஏ' என்றும் இருக்கும். எம்கியூஏ பட்டியலில் அந்தப் படிப்பே இல்லையென்றால் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

பட்டம் கிடைத்தாலும் திறக்காத கதவுகள்

இதை முகவர்கள் சொல்ல மாட்டார்கள். அரசாங்க வேலைக்குப் பட்டத்தோடு எஸ்பிஎம் தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட்டும் கேட்பார்கள். 2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேற வேண்டும் என்பது விதி. ஏப்பெல் வழியாகப் பட்டம் வாங்கினாலும் இந்தக் குறை தானாக நீங்காது. அரசு வேலைதான் குறிக்கோள் என்றால், பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்பாகவோ படிக்கும்போதோ அந்தப் பாடத்தை மீண்டும் எழுதிவிடுங்கள். பட்டத்திற்கு ஆகும் செலவில் இது சிறு துளி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்ற ஆசையோடு சேர்பவர்களும் உண்டு. வெறும் இளங்கலைப் பட்டம் ஒருவரை அரசுப் பள்ளி ஆசிரியராக்கிவிடாது. ஆசிரியர் பயிற்சித் தகுதியும் நியமன விதிகளும் தனி. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில் அந்தந்தத் தொழில்முறை வாரியங்களுக்கென்று சொந்த நுழைவு விதிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் போதாது.

பணம்

சேமநிதிப் பணத்தைக் கல்விக்காக எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, இதற்கான பணம் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வரும். 55 வயதுக்கு உட்பட்ட உறுப்பினர் தமக்காகவோ, கணவன் மனைவிக்காகவோ, பிள்ளைகளுக்காகவோ, டிப்ளோமாவிலிருந்து மேலான படிப்புக்கு எடுக்கலாம். ஆனால், வீடு வாங்குவதற்கும் மருத்துவச் செலவுக்கும் கைவைக்கும் கணக்கும் இதுவே. புதிதாகச் சந்தாவில் 15 விழுக்காடுதான் இதற்குள் போகிறது. பிள்ளைக்கு 15 வயது என்றால், அதன் படிப்புக்கும் இதே பணத்தைத்தான் நம்பியிருப்பீர்கள். ஆகவே முழுப் படிப்புக்கும் சேர்த்து யோசிக்காமல், முதல் பருவத்தைச் சொந்தக் காசில் படித்துப் பாருங்கள். வேலையோடு ஒத்துவருகிறதா என்பது அந்த நான்கு மாதத்தில் தெரிந்துவிடும்.

பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வயது 45-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நீங்கள் சேரும் படிப்பும், சேர்ந்த வழியும், பகுதி நேரமா முழு நேரமா என்பதும் அவர்களின் விதிக்குள் வருகின்றனவா என்பதைப் பிடிபிடிஎன் முகப்பில் நேரடியாகக் கேளுங்கள்; முகவரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

வருமான வரி கட்டுபவர்களுக்குச் சொந்தக் கல்விக் கட்டணத்தில் 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. இதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். முதுகலை, முனைவர் படிப்பு என்றால் எந்தத் துறைக்கும் கழிவு கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் சட்டம், கணக்கியல், இஸ்லாமிய நிதி, தொழில்நுட்பம், தொழிற்பயிற்சி, அறிவியல் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே. தமிழ் இலக்கியத்தில் இளங்கலை படிப்பவருக்கு இந்தக் கழிவு இல்லை. தமிழ் படித்தவள் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

விசாரிக்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, எஸ்பிஎம் சான்றிதழ் அல்லது தேர்வு முடிவுத் தாள், பழைய படிப்பின் தேர்வு முடிவுகள், சேமநிதி அறிக்கை, இப்போதைய முதலாளியின் கடிதம், இதுவரை போன பயிற்சிகளின் சான்றிதழ்கள். எஸ்பிஎம் சான்றிதழைத் தொலைத்தவர்கள் தேர்வு வாரியத்திடம் உறுதிக் கடிதத்திற்கு விண்ணப்பிக்கலாம். அது வந்து சேரக் காலம் எடுக்கும் என்பதால், மற்ற எல்லாவற்றையும் விட அதை முதலில் செய்யுங்கள்.