புற்றுநோய் வலிக்கு மோர்பின் ஊசி: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

பினாங்கில் புற்றுநோயாளிகளை வீட்டிலேயே பராமரிக்கும் சேவை 1990-களின் தொடக்கத்திலிருந்து இருந்து வருகிறது. மாத்திரையை விழுங்க முடியாதவர்களுக்கும் ஓயாமல் வாந்தி எடுப்பவர்களுக்கும் மருத்துவர் மோர்பினை ஊசியாக மாற்றுவதுண்டு. "ஊசிக்கு வந்துவிட்டால் கடைசி நாள்தான்" என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் மாறுவது மருந்து உடலுக்குள் போகும் வழிதான்.

வாய்வழி உட்கொள்ளும் மோர்பினில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலிலேயே சிதைத்துவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இரத்தத்தில் சேரும். தோலுக்கடியில் போடும் ஊசிக்கு அந்த இழப்பு இல்லை. அதனால் வாய்வழி 30 மில்லிகிராம் தரும் நிவாரணத்தை ஊசியில் 10 முதல் 15 மில்லிகிராமே தந்துவிடும்.

ஊசியின் பலன் சுமார் 4 மணி நேரம் நிற்கும். வலி விட்டுவிட்டு வராமலிருக்க, 24 மணி நேரமும் சிறிது சிறிதாக மருந்து செலுத்தும் சிறு கருவியும் உண்டு.

மோர்பினின் கழிவுகள் சிறுநீரில் வெளியேறும். நம்மவரிடையே நீரிழிவு அதிகம். அதனால் சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் கழிவுகள் உடலில் தேங்கும். எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், கை கால் வெட்டி இழுத்தல், மனக்குழப்பம், மூச்சு மந்தமாதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கண்டால் உடனே மருத்துவரையோ தாதியையோ அழையுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது ஃபெண்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

தொடக்கத்தில் வரும் லேசான மயக்கம் சில நாளில் குறையும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கும்; அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.