எதிர்நிலையிலிருந்து இணைக்கட்டங்கள் வரை: சிப்பாய் இறுதியாட்டத்தில் ராஜாவின் நகர்வு பற்றிய கோட்பாட்டு வளர்ச்சி

சதுரங்கத்தில் மற்றக் காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, இரு ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டும் பலகையில் எஞ்சியிருக்கும் நிலை சிப்பாய் இறுதியாட்டம் எனப்படும். ஆட்டத்தின் தொடக்கத்தில் கோட்டைக்குள் ஒளிந்திருக்க வேண்டிய ராஜா, இந்நிலையில் முன்னின்று போரிடும் காயாகிவிடுகிறது. அது ஒரு கட்டம் தள்ளி நிற்பதாலேயே வெற்றி சமநிலையாகவும் சமநிலை தோல்வியாகவும் மாறக்கூடும். ராஜாவை நகர்த்தும் உத்திகளைப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் தனித்தனி உத்திகளாகவே வரிசைப்படுத்துகின்றன. ஆனால் அவை தோன்றிய வரலாற்றைப் பின்தொடர்ந்தால், நேர்கோட்டில் எதிரெதிர் நிற்றல் என்ற எளிய விதியில் தொடங்கிய சிந்தனை, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரியின் பக்கத்தில் ஓர் இணை உண்டு என்ற பொதுக் கோட்பாடாக விரிந்தமை புலப்படும். அந்த விரிவின் நிலைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டங்களைச் சுட்டுவதற்கு, வெள்ளையின் இடமிருந்து வலமாகச் செல்லும் எட்டு நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற எழுத்துகளாலும், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணப்படும் கிடைவரிசைகள் 1 முதல் 8 வரையான எண்களாலும் குறிக்கப்படுகின்றன.

விதிமாற்றங்கள் இட்ட அடித்தளம்

இந்தியச் சதுரங்கத்திலிருந்து பாரசீகம் வழியாக அரபு உலகில் பரவிய ஷத்ரஞ்ச் ஆட்டத்தில், கடைசி வரிசையை அடைந்த சிப்பாய், மூலைவிட்டத்தில் ஒரே கட்டம் நகரக்கூடிய வலுவற்ற மந்திரியாக மட்டுமே உயர்ந்தது. எதிரியின் காய்களையெல்லாம் வெட்டி ராஜாவைத் தனியாக்குவதும், நகர வழியின்றி அதை முடக்குவதும் அவ்வாட்டத்தில் வெற்றியாகவே கொள்ளப்பட்டமையால், ஒற்றைச் சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்க்க ராஜா நுட்பமாக நடைபோட வேண்டிய தேவை அங்குப் பெரிதாக எழவில்லை.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் மந்திரியின் இடத்தைப் பிடித்த ராணி, இன்றுள்ள வலிமை முழுவதையும் பெற்றது. 1497இல் அச்சான லூசேனாவின் ஸ்பானிய நூல், பழைய ஆட்டத்தையும் புதிய ஆட்டத்தையும் அருகருகே காட்டி அந்த மாற்றத்துக்குச் சான்றாக நிற்கிறது. சிப்பாய் ராணியாவதே ஆட்டத்தை முடித்துவைக்கப் போதுமானதாகிவிட்டபின், ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதன் மதிப்பும் உயர்ந்தது.

ராஜாவின் நடை நுட்பம் பெற்றதற்கு இரண்டாவது காரணம் ஸ்டேல்மேட் விதியாகும். ராஜா முற்றுகைக்கு உள்ளாகாமலும், அதே வேளையில் விதிப்படி செய்யக்கூடிய நகர்வு ஏதும் இல்லாமலும் இருக்கும் நிலை ஸ்டேல்மேட் எனப்படும். இன்று அது சமநிலை. ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்தில் அந்நிலையை உண்டாக்கியவரே தோற்றவராகக் கருதப்பட்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேக்கப் சராட் முதலியோரின் முயற்சியால் அங்கும் சமநிலை விதி நிலைபெற்றது. இ7இல் வெள்ளைச் சிப்பாயும் இ8இல் கருப்பு ராஜாவும் நிற்க, சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6க்கு வந்தால், இன்றைய விதிப்படி ஆட்டம் சமநிலையாகிறது. ஷத்ரஞ்ச் விதிப்படி வெள்ளை வென்றிருக்கும். பழைய ஆங்கில விதிப்படி கருப்பு வென்றிருக்கும். ராஜா நகர்வின் நுட்பங்கள் எல்லாம் பலகையின் வடிவத்திலிருந்து தாமாக விளைந்தவை அல்ல, இவ்விரு விதிகளின் சேர்க்கையால் உருவானவை என்பது இதனால் தெளிவாகிறது.

எதிர்நிலை

இரு ராஜாக்களும் ஒரே நெடுவரிசையிலோ கிடைவரிசையிலோ மூலைவிட்டத்திலோ, நடுவே ஒரு கட்டம் மட்டும் விட்டு எதிரெதிரே நிற்பது எதிர்நிலை எனப்படும். ஒரு ராஜா மற்றொன்றுக்கு அடுத்த கட்டத்தில் கால்வைக்க இயலாது என்பதால், இந்நிலையில் நகர வேண்டிய முறை எவருடையதோ அவரே வழிவிட வேண்டியவராகிறார். நகர்வதே தீங்காகும் இந்த இக்கட்டுக்கு ஜெர்மானியர் இட்ட சுக்ஸ்வாங் என்ற பெயரே உலகெங்கும் வழங்குகிறது. நகர்வுக் கட்டாயம் என்பது அதன் பொருளாகும்.

வெள்ளை ராஜா இ5இலும் அதன் சிப்பாய் இ4இலும் கருப்பு ராஜா இ7இலும் இருப்பதாகக் கொண்டால், முறை கருப்பினுடையதாக இருக்கும்போது அது டி7க்கு விலக, வெள்ளை ராஜா எஃப்6க்குள் புகுந்து வெல்லும். முறை வெள்ளையினுடையதாக இருந்தாலோ, அது எப்பக்கம் சென்றாலும் கருப்பு மீண்டும் எதிரே வந்து நின்று சமன் செய்துவிடும். இ4இலுள்ள சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6 ஆகிய மூன்றும் திறவுக் கட்டங்கள் ஆகும். அவற்றுள் ஒன்றை வெள்ளை ராஜா பிடித்துவிட்டால், முறை எவருடையதாயினும் வெற்றி உறுதி. ஆகவே எதிர்நிலை என்பது இலக்கு அன்று, திறவுக் கட்டத்தை அடைவதற்கான வழியே. ராஜாக்களுக்கிடையே மூன்று அல்லது ஐந்து கட்டங்கள் இருக்கும்போதும் இதே உறவு நிலவுகிறது; அது தொலை எதிர்நிலை எனப்படுகிறது. 1871க்கும் 1873க்கும் இடையில் பாதிரியாரான துராந்தும் ழான் லூயி பிரெத்தியும் பிரெஞ்சு மொழியில் இறுதியாட்டங்களுக்கென்றே இரு தொகுதிகளை வெளியிட்டபோது, இத்துறை தனி ஆய்வுக்குரியதாக முறைப்படுத்தப்பட்டது.

முக்கோண நகர்வும் அதன் உட்பொருளும்

எதிர்நிலை விதியால் மட்டும் விளக்க முடியாத நிலைகளும் உண்டு. வெள்ளை ராஜா டி5இலும் அதன் சிப்பாய்கள் ஏ5, சி6 ஆகியவற்றிலும், கருப்பு ராஜா சி8இலும் அதன் சிப்பாய் ஏ6இலும் நிற்கும் நிலை பாடநூல்கள் பலவற்றிலும் இடம்பெறுவது. முறை கருப்பினுடையதாயின் அது சி7க்கு வர, வெள்ளை சி5க்கு வந்து, அடுத்து பி6இல் புகுந்து ஏ6 சிப்பாயைக் கைப்பற்றும். ஆனால் முறை வெள்ளையினுடையது. நேராக டி6க்குச் சென்றால் கருப்பு டி8க்கு வருகிறது. சிப்பாய் சி7க்கு முன்னேற ராஜா சி8க்குச் செல்கிறது. சிப்பாயைக் காக்க வெள்ளை சி6இல் நின்றால் ஸ்டேல்மேட். எனவே அதே நிலையை, முறை மட்டும் கருப்பிடம் இருக்குமாறு, மீண்டும் உருவாக்குவதே வெள்ளையின் தேவையாகிறது. வெள்ளை ராஜா சி4க்குப் பின்வாங்கி, டி4க்கு நகர்ந்து, டி5க்குத் திரும்பும்போது மூன்று நகர்வுகளில் ஒரு முக்கோணத்தைச் சுற்றிவந்து அத்தேவையை நிறைவேற்றிக்கொள்கிறது.

கருப்பும் அவ்வாறே ஒரு நகர்வை ஏன் இழக்க முடியவில்லை என்ற கேள்வியே கோட்பாட்டின் அடுத்த படிக்கு இட்டுச் சென்றது. வெள்ளை ராஜா சி5இல் இருந்தால் கருப்பு சி7இலும், டி5இல் இருந்தால் சி8இலும் இருந்தாக வேண்டும். சி4, டி4 ஆகிய இரண்டும் சி5ஐயும் டி5ஐயும் தொடுபவை. ஆகவே வெள்ளை அவற்றுள் எதில் நின்றாலும், கருப்பு சி7ஐயும் சி8ஐயும் ஒருங்கே தொடும் பி8 அல்லது டி8இல் நிற்க வேண்டும். வெள்ளையின் சி4உம் டி4உம் அடுத்தடுத்தவை. கருப்பின் பி8உம் டி8உம் அடுத்தடுத்தவை அல்ல. வெள்ளை சி4இலிருந்து டி4க்கு ஒரே அடியில் மாறும்போது, கருப்பு டி8இலிருந்து பி8க்கு ஒரே அடியில் தாவ இயலாது. முக்கோணத்தின் வெற்றி முழுவதும் இந்த ஒரு பொருத்தமின்மையில் அடங்கியிருக்கிறது. இவ்வாறு ஒன்றுக்கொன்று ஈடான கட்டங்கள் இணைக்கட்டங்கள் என்று பெயர்பெறும்.

லாஸ்கர்–ரைக்ஹெல்ம் நிலை

உலக வாகையரும் கணித ஆய்வாளருமான இமானுவேல் லாஸ்கரின் பெயரோடும் பிலடெல்பியாவின் குஸ்தாவஸ் ரைக்ஹெல்மின் பெயரோடும் வழங்கும் 1901ஆம் ஆண்டு நிலை, இக்கருத்தைப் பெரிய பரப்பில் வெளிப்படுத்தியது. அதில் வெள்ளை ராஜா ஏ1இலும் சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4 ஆகியவற்றிலும், கருப்பு ராஜா ஏ7இலும் சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5 ஆகியவற்றிலும் உள்ளன. சிப்பாய்கள் அனைத்தும் ஒன்றையொன்று தடுத்து அசைவற்று நிற்பதால், ஆட்டம் முழுவதும் இரு ராஜாக்களின் நடையாகச் சுருங்கிவிடுகிறது. வெள்ளைக்கு இரு வாயில்கள் உள்ளன: இடப்பக்கம் பி5, வலப்பக்கம் ஜி5. இரண்டையும் காக்க வேண்டிய கருப்பு, வெள்ளை சி4இல் நின்றால் பி6இலும், டி3இல் நின்றால் சி7இலும், சி3இல் நின்றால் அவ்விரண்டையும் தொடும் பி7இலும் இருந்தாக வேண்டும். இவ்விணைகள் ஒரே கோட்டில் எதிரெதிரே அமைந்தவை அல்ல. ஒரு வரிசை விலகியவை. எதிர்நிலை விதியை மட்டும் கற்றவர் இங்கு வழிதவறுவார். இணைகளைக் கடைசி வரிசை வரை பின்னோக்கிக் கணக்கிட்டால்தான், வெள்ளையின் வெற்றிக்கான முதல் நகர்வு பி1 என்பது விளங்கும். அதைவிட இயல்பாகத் தோன்றும் பி2, கருப்பு ஏ8க்குச் சென்றதும் பயனற்றுப் போகிறது.

1921: ஒரே நீளமுள்ள பல வழிகள்

காகிதத்தில் வரையும் கோட்டுக்கும் ராஜாவின் வழிக்கும் உள்ள வேறுபாடு 1921இல் இருமுறை வெளிப்பட்டது. மூலைவிட்டத்தில் வைக்கும் அடியும் நேராக வைக்கும் அடியும் ஒரே நகர்வாக எண்ணப்படுவதால், ராஜா இ1இலிருந்து இ8க்கு ஏழு நகர்வுகளில் 393 வழிகளில் செல்ல முடியும். ரிச்சர்ட் ரெட்டி அவ்வாண்டில் வெளியிட்ட புதிரில் வெள்ளை ராஜா எச்8இலும் அதன் சிப்பாய் சி6இலும், கருப்பு ராஜா ஏ6இலும் அதன் சிப்பாய் எச்5இலும் நின்றன. தன் சிப்பாயைக் காப்பதற்கும் எதிரியின் சிப்பாயைப் பிடிப்பதற்கும் எட்டாத தொலைவில் இருப்பதாகத் தோன்றும் வெள்ளை ராஜா, ஜி7, எஃப்6, இ5 என மூலைவிட்டத்தில் இறங்கி, இரு நோக்கங்களையும் ஒரே நடையில் நாடி ஆட்டத்தைச் சமன் செய்கிறது.

அதே ஆண்டில் பெர்லினில் ஷ்லாகேவும் ஆஹுஸும் ஆடிய ஆட்டம் இதே உண்மையின் மறுபக்கத்தைக் காட்டியது. வெள்ளை ராஜா இ6இலிருந்து ஏ7இலுள்ள சிப்பாயை நோக்கிச் செல்ல டி6 வழியாகவும் டி5 வழியாகவும் நான்கு நகர்வுகளே தேவைப்பட்டன. டி5 வழியில் சென்றிருந்தால் சி3இலிருந்து வரும் கருப்பு ராஜாவைத் தோளால் தள்ளுவதுபோல் விலக்கி வென்றிருக்கலாம். நேராகத் தோன்றிய டி6ஐ ஷ்லாகே தேர்ந்ததால் ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

ஒருங்கிணைப்பும் கணினியும்

1925இல் இத்தாலியரான ரினால்டோ பியாங்கெட்டி, இணைக்கட்டங்களுக்கு எண்ணிட்டு வகைப்படுத்தும் முறையை நூலாக்கினார். 1932இல் ஓவியர் மார்செல் துஷாம்ப், புதிர் அமைப்பாளர் விட்டாலி ஹால்பர்ஸ்டாட்டுடன் சேர்ந்து, எதிர்நிலைக்கும் இணைக்கட்டங்களுக்கும் இடையிலான முரணைத் தீர்க்கும் நூலொன்றைப் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் வெளியிட்டார். ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட பலகைப் படத்தை மடித்தால் இரு ராஜாக்களின் கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதைக் காட்டிய அந்நூல், எதிர்நிலை என்பது இணைக்கட்ட உறவின் மிகச் சீரான வடிவமே என்பதைக் கண்ணுக்குப் புலப்படுத்தியது. சோவியத் நாட்டில் நிகலாய் கிரிகோரியெவ் சிப்பாய்ப் புதிர்களில் இவ்வுறவுகளின் நுட்பங்களை வெளிக்கொணர்ந்தார். 1956இல் தொடங்கிய அவெர்பாக்கின் இறுதியாட்டத் தொகுதிகள் அவற்றைப் பொதுக் கல்வியாக்கின.

லாஸ்கர்–ரைக்ஹெல்ம் நிலை ரூபன் ஃபைனின் 1941ஆம் ஆண்டு நூலில் 70ஆம் படமாக இடம்பெற்றதால், கணினித் துறையினரிடம் ஃபைன் 70 என்றே பெயர்பெற்றது. வெவ்வேறு வழிகளில் வந்துசேரும் ஒரே நிலையை மறுபடியும் கணக்கிடாமல் நினைவில் வைத்திருக்கும் அட்டவணை ஒரு நிரலில் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க அந்நிலையே அளவுகோலாயிற்று. ராஜா நடக்கும் வழிகள் மிகப் பல, அவை சென்றுசேரும் நிலைகளோ சில என்பதே அதற்குக் காரணம். ராஜாவும் சிப்பாயும் தனி ராஜாவை எதிர்க்கும் நிலைகள் அனைத்தையும் கணினி முற்றாகக் கணக்கிட்டபோது, அவற்றுள் மிக நீண்ட வெற்றிக்கு 28 நகர்வுகள் தேவை என்பது உறுதியாயிற்று. 2018க்குள் ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கும் அத்தகைய முழு அட்டவணை உருவாகிவிட்டது.

இவ்வட்டவணைகள் செய்வதும் அடிப்படையில் இணைக்கட்டக் கோட்பாடு செய்ததையே: நகர்வுகளின் வரிசையை விட்டுவிட்டு, எந்த இடத்துக்கு எந்த இடம் ஈடு என்பதை முடிவிலிருந்து பின்னோக்கிக் குறித்துவருதல். ஆயினும் அட்டவணை விடையைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. ஒன்பது காய்களைக் கொண்ட 1901ஆம் ஆண்டின் அந்த நிலை ஏழு காய் அட்டவணையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அங்கு பி2 அல்லாமல் பி1 ஏன் வெல்கிறது என்று கேட்பவருக்கு, கையால் எழுதிய இணைகளின் சிறு பட்டியலே இன்றும் விடையாகிறது.