மாதேஸ்வரன் மலை: உதவி நாடாமைக்கும் ஒரு வரலாறு உண்டு

பழங்குடியினரின் மனநலம் குறித்த ஆய்வுரைகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது: விழிப்புணர்வு குறைவு, மூடநம்பிக்கை மிகுதி, ஆகவே அவர்கள் மருத்துவ உதவியை நாடுவதில்லை. 1997 வரை மைசூரு மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள மாதேஸ்வரன் மலையின் அண்மை வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இவ்வாய்பாடு ஆட்டம் காண்கிறது.

இம்மலைகளின் தொல்குடிகளான சோளகர் (கன்னட வழக்கில் சோலிகர்) துயரைச் சொல்லத் தெரியாத மக்கள் அல்லர். தேவரகுட்டர்கள் கம்சாளெ என்னும் வெண்கலத் தாளம் கொட்டிப் பாடும் மாதேஸ்வரர் வாய்மொழிக் காவியத்தில் சங்கம்மாவின் கதை நெடியதொரு பகுதி. தேனெடுக்கக் காடேகும் சோளகக் கணவன், மனைவியின் கற்பின்மேல் ஐயுற்றுச் சத்தியம் கேட்கிறான். அவள் மறுக்க, வதைத்து அடைத்துவைக்கிறான். அவளுக்குச் செவிசாய்ப்பவர் மாதேஸ்வரர். ஒரு பெண்ணின் உளத்துயரும், அதனைக் கேட்க ஒருவர் வருவதும் அம்மலையின் மையக் கதையிலேயே இடம்பெற்றுள்ளன. இதனை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பது எளிது. ஆனால் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளர் 31 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, சராசரி ஆறு வாரத் தங்கலுக்குப் பின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்ததை 2002-இல் பதிவு செய்தது. அக்கோயிலில் சிறப்புச் சடங்கு எதுவும் நடத்தப்படவில்லை. அடைக்கலமும் ஆதரவுமே கிடைத்தன.

கேட்பவர் இருந்தால் சொல்வார்கள் என்றால், அரசு மருத்துவரிடம் மட்டும் தயக்கம் ஏன்? தேசிய மனநலத் திட்டம் 1982-இலும் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் தொடங்கின. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் இம்மலைக்கு வேறொரு துறை வந்துவிட்டது. வீரப்பனைப் பிடிக்க அமைக்கப்பட்ட அதிரடிப்படையின் முகாம் மாதேஸ்வரன் மலையில் இருந்தது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் தேடுதல் கடுமையானது. ஒருபுறம், காட்டிக்கொடுத்ததாக ஐயுற்றவர்களை வீரப்பன் கொன்றான். மறுபுறம், அவனுக்கு அரிசி கொடுத்தாயா என்ற விசாரணை. முகாமில் வதைக்கூடமாக இருந்த இடத்துக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது தடா வழக்கு பாய்ந்தது. மைசூரு தனி நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தபோது பெரும்பாலோர் விடுதலையாயினர். அவர்களுள் பலர் அதற்குள் எட்டாண்டுகளைச் சிறையில் கழித்திருந்தனர்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் மலைமக்களும் அடிவாரச் சிற்றூரினரும் சாட்சியம் அளித்தனர். மின்னதிர்ச்சி, தலைகீழாகத் தொங்கவிடல், பெண்கள் மீதான வன்கொடுமை எனக் குற்றச்சாட்டுகள் விரிந்தன. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் 2004-இல் வெளிவந்து இக்கொடுமைகளைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்டதும் படையினருக்குப் பதவி உயர்வும் பணமும் வீட்டுமனையும் அறிவிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டோரில் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது 2007-இல்தான்.

இங்கே சொற்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மருத்துவர் மலைக்கு வருவதும் 'முகாம்', படை தங்கியதும் 'முகாம்'. நோயாளியின் உறக்கம், உணவு, அச்சம் பற்றி 'விசாரிப்பது' மருத்துவ நடைமுறை; இரவில் எங்கிருந்தாய், யாருக்குச் சோறு போட்டாய் என்பதும் 'விசாரணை'. மனநோய்க்குக் 'கரண்ட் வைப்பார்கள்' என்பது தமிழகச் சிற்றூர்களில் பரவலான பேச்சு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் இன்றைய மின்னதிர்வுச் சிகிச்சை பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மீண்ட ஒருவரின் செவியில் அத்தொடர் என்னவாக விழும் என்று எந்த வினாநிரலும் கேட்பதில்லை. அங்குள்ளோர் 'தெரியாது' என்று விடையளித்தால் ஆய்வாளர் அதனை அறியாமை என்று குறித்துக்கொள்கிறார். பத்தாண்டுக் காலம் அம்மக்களின் உயிரைக் காத்த சொல்லே அந்தத் 'தெரியாது'தான்.

அண்டை மலையான பிலிகிரிரங்கனில் நிலைமை சற்று வேறு. அங்கு மருத்துவர் சுதர்சன் 1981-இல் நிறுவிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம், மருத்துவத்தோடு பள்ளியையும் நில, வன உரிமைக் கோரிக்கைகளையும் சேர்த்தே கைக்கொண்டது. 2011-இல் அம்மலைச் சோளகர்களுக்குச் சமூக வன உரிமைகள் ஏற்பளிக்கப்பட்டன. அங்கே மருத்துவர் ஒரு நாள் முகாமுக்கு வந்துபோகும் அயலார் அல்லர்; சோளகர் நடுவிலேயே வாழ்ந்தவர். ஒரே குடி, ஒரே தெய்வ மரபு, அருகருகே இரு மலைகள். இரண்டையும் 'பழங்குடியினர் மனப்பாங்கு' என்னும் ஒரே பத்தியில் அடக்கிவிடும் அட்டவணை, எந்த மலையில் யார் முதலில் வந்தார்கள் என்பதற்கு ஒரு கட்டம்கூட ஒதுக்குவதில்லை.