வீட்டை விற்று எழுப்பிய கல்லூரி

சென்னையில் தனியார் பொறியியல் கல்லூரி என்றால், 1980களுக்குப் பிறகு புற்றீசல் போலக் கிளம்பிய சுயநிதிக் கல்லூரிகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் இந்தக் கதை அதற்கு முன்பே, 1949இல், குரோம்பேட்டையில் தொடங்கிவிட்டது.

சி.ராஜம் என்ற தொழிலதிபர் தனது 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். சுருக்கமாக எம்.ஐ.டி. இன்ஜினியரிங் என்றாலே சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்றிருந்த காலம் அது. எம்.ஐ.டி.யோ விமானம், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று நான்கு புதிய துறைகளை எடுத்துக்கொண்டது. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு.

வள்ளல் கட்டிய கல்லூரிதான். ஆனாலும் சேருவதற்குப் பணம் வேண்டும். 1950களில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாமுக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் அவர் அப்பாவிடம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் தம்பியை அனுப்பினார்.

அங்கே ஒரு விமான வடிவமைப்பில் வேலை சரியாக நகராதபோது, பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும்! கலாம் இரவும் பகலும் உட்கார்ந்து வரைந்து முடித்தார். உதவித்தொகை போயிருந்தால் வளையல் அடகு வைத்ததும் வீணாகியிருக்கும். எழுத்தாளர் சுஜாதா எலக்ட்ரானிக்ஸ் படித்ததும் இதே எம்.ஐ.டி.யில்தான்.

1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது, கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றோடு எம்.ஐ.டி.யும் அதில் இணைந்தது. தனியார் முயற்சி அரசுப் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. அதன் பிறகு காற்று எதிர்த்திசையில் வீசியது. 1980களின் நடுவில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் சில, 2000க்குப் பிறகு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாயின. இடையில் நன்கொடை வசூல் எந்த அளவுக்குப் போனதென்றால், அதைத் தடுக்க 1992இல் தமிழக அரசு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

தனியார் கல்லூரி என்பதே தவறு என்று எம்.ஐ.டி.யின் வரலாறு சொல்லவில்லை. ஒருவர் வீட்டை விற்றுக் கல்லூரி கட்டினார். அதில் தம்பி படிக்க ஒரு அக்கா நகையை அடகு வைத்தார். பின்னால் வந்த காலத்தில் கல்லூரி கட்ட வீட்டை விற்றவர்கள் அபூர்வம். பிள்ளையைச் சேர்க்க வீட்டை விற்ற பெற்றோர்கள்தான் அதிகம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது!