சனீஸ்வரன் வேஷம் போட்டவர்

திருநள்ளாறில் சனிப்பெயர்ச்சி என்றால் எப்படிக் கூட்டம் அம்மும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டுச்சேரி, கோட்டுச்சேரிமேடு பக்கத்து ஜனங்களுக்கு அது அண்டை வீட்டு விசேஷம் மாதிரி. நளனைப் பிடித்து ஆட்டிவைத்த சனி, அவனை விட்டு விலகிய தலம் அது என்பது ஐதீகம். நள தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, எள் தீபம் ஏற்றி, 'அப்பா, என்னையும் விட்டுடு' என்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். கும்பிடும்போதுகூட சனிக்கு நேரே நிற்கக் கூடாது, கொஞ்சம் ஒதுங்கி நிற்கணும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். அவ்வளவு பயம்!

கோயிலில் இருக்கிற சனிக்கே இந்தப் பயம் என்றால், சனி எழுந்து நடந்து வந்தால்?

ஒருவர் அப்படி நடந்து வந்தார். நூற்று இருபது, நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்னால் நாடக மேடையில். மைக் கிடையாது, மின்சார விளக்கு கிடையாது. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், உடம்பெல்லாம் கறுப்புப் பூசிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரலில் பாடிக்கொண்டு வருவார். பார்த்தவர்கள் வெலவெலத்துப் போவார்களாம். அவர் பெயர் சங்கரன். நாடக உலகத்துக்கு அவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் என்றதும் மடத்தையும் பீடத்தையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய மடம் நாடகக் கொட்டகை. பிறந்தது 1867 செப்டம்பர் 7-ம் தேதி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில். அப்பா தாமோதரக் கணக்கப்பிள்ளை நல்ல தமிழறிஞர். இராமாயணப் பிரசங்கத்தில் பெயர் எடுத்தவர். அவரிடம் கற்றது போதாதென்று, பழநி தண்டபாணி சுவாமிகளிடம் போய் யாப்பும் இலக்கணமும் படித்தார் மகன். வெண்பாவும் விருத்தமும் வண்ணமும் சிந்தும் கைவந்தன. ஆனால், படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது! மூட்டைக் கணக்கு எழுதுகிற கையில் விருத்தம் வந்து விழுந்துகொண்டிருந்தால் உத்தியோகம் எப்படி ஓடும்? 1891-ல், இருபத்துநாலாவது வயதில், கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

அதே 1891-ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார்கள். அங்கே மேடையேறியவர்கள் வக்கீல்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள். பகலில் கோர்ட்டுக்குப் போய்விட்டு, சாயந்திரம் பொழுதுபோக்காக நாடகம். அவர்களை யாரும் 'கூத்தாடி' என்று கூப்பிட முடியாது. சங்கரதாஸ் போய்ச் சேர்ந்த உலகம் வேறு. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, விடிய விடிய ஆடி, விற்ற டிக்கெட்டில் சாப்பிடுகிற தொழில்முறைக் கம்பெனி. நாடகக்காரனுக்கு ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காது, பெண் கொடுக்க மாட்டார்கள். ராத்திரி ராஜாவாகப் பார்த்துக் கைதட்டியவன், காலையில் அவனைத் திண்ணையில்கூட உட்கார விடமாட்டான்.

அந்த உலகத்தில் அவருக்குக் கிடைத்தவையெல்லாம் பயங்கர வேஷங்கள்தான். நல்ல ஆகிருதி, கனத்த குரல், அதோடு தமிழ். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். அசுரனுக்குப் பாட்டு எழுதவும் தெரிந்த அசுரன் என்றால் சும்மாவா?

இங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட சம்பவங்கள் நடந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய சீடர்கள் வழியாக நாடக உலகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது. 'நள தமயந்தி' நாடகம் முடிந்த ஒரு விடியற்காலை. சனீஸ்வரன் வேஷத்தைக் கழுவுவதற்காக நீர்நிலையைத் தேடிப் போகிறார். அரை இருட்டு. தண்ணீருக்காக வந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். எதிரே கன்னங்கரேலென்று சனீஸ்வரன்! அப்படியே விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை, 'சத்தியவான் சாவித்திரி'யில் எமனாக அவர் பாய்ந்து வந்ததைப் பார்த்து, சபையில் இருந்த ஒரு கர்ப்பிணிக்கு அங்கேயே கர்ப்பம் கலைந்துவிட்டது.

இன்றைக்கு ஒரு நடிகருக்கு இப்படி நடந்தால், அதையே போஸ்டர் அடித்து ஒட்டியிருப்பார்கள். 'இதய பலவீனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்' என்று விளம்பரம் செய்தால் டிக்கெட் பிய்த்துக்கொண்டு போகும். அவர் என்ன செய்தார்? இனி வேஷமே கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். ஒரு நடிகனுக்கு நடிப்பில் கிடைக்கக்கூடிய உச்சபட்ச வெற்றி எதுவோ, அதையே தன் குற்றமாக எடுத்துக்கொண்டார்.

காரைக்கால்காரர்களுக்கு இதில் இன்னொரு ஞாபகமும் வரும். காரைக்காலம்மையார், கட்டிய கணவனே தெய்வமென்று காலில் விழுந்ததும், அழகான உடம்பை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். கண்டவர்கள் பயந்து ஓடினார்கள் என்கிறது புராணம். அம்மையார் அந்தக் கோலத்தோடேயே கயிலைக்குப் போனார். இந்த மனிதரோ பயமுறுத்தும் கோலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாமியாராக நடையைக் கட்டினார். கோயில் கோயிலாகத் தீர்த்த யாத்திரை. சங்கரன் என்ற பெயரோடு 'தாஸ்' சேர்ந்தது, 'சுவாமிகள்' என்ற மரியாதையும் சேர்ந்தது. கடைசிவரை கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அப்படியே போயிருந்தால் நமக்குச் சொல்ல இவ்வளவுதான் இருந்திருக்கும். அவரைத் திரும்ப இழுத்து வந்ததில் புதுக்கோட்டைக்கு முக்கியப் பங்கு உண்டு. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கிக் கொடுத்த மேதை மான்பூண்டியா பிள்ளை, சுவாமிகளைத் தன் சுவீகார புத்திரனாகவே ஏற்றுக்கொண்டார். தமிழ் ஏற்கெனவே இருந்தது, இப்போது லயமும் சேர்ந்தது. சுவாமிகள் பாட்டுக்களில் சந்தம் அப்படிச் சுழன்று சுழன்று வருவதற்கு இந்தச் சகவாசமும் ஒரு காரணம்.

மறுபடி நாடகத்துக்கு வந்தார். ஆனால் நடிகராக இல்லை, ஆசிரியராக. நாடகக் கம்பெனியில் 'வாத்தியார்' என்றால் பாட்டு எழுதுபவர், வசனம் எழுதுபவர், மெட்டுப் போடுபவர், நடிப்புச் சொல்லிக்கொடுப்பவர், தப்புச் செய்தால் பிரம்பை எடுப்பவர் எல்லாம் ஒருவரே. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'அல்லி அர்ஜுனா', 'நல்லதங்காள்', 'பிரகலாதன்', 'சத்தியவான் சாவித்திரி' என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அல்லியும் பவளக்கொடியும் படிக்காத ஜனங்களின் வாய்க்கதையாக உலவியவர்கள். அவர்கள் வாயில் குறளையும் நாலடியாரையும் கொண்டுவந்து வைத்தார் சுவாமிகள். எழுத்து வாசனையே இல்லாத விவசாயி, ஒரு ராத்திரி நாடகம் பார்த்துவிட்டு, நாலு குறளோடு வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூடம் எட்டாத இடத்துக்குக் கொட்டகை எட்டியது!

சரி, எழுதிக் கொடுத்தால் ஆச்சா? பெரிய நடிகர்கள் எழுதியதைப் பேச வேண்டுமே! அன்றைய ராஜபார்ட்டுகள் மேடையில் நினைத்ததைப் பேசுவார்கள். கைதட்டல் வந்தால் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுப்பார்கள். எதிரே நிற்பவரை வாதத்தில் மடக்குவதே சிலருக்குப் பொழுதுபோக்கு. போதாததற்குக் குடி. எட்டு மணிக்கு வர வேண்டிய ராஜா பத்து மணிக்குத் தள்ளாடி வருவார். வாத்தியாருக்கு வெறுத்துவிட்டது. வளைந்து போன மரத்தை நிமிர்த்த முடியாது, நாற்றங்காலைப் பார்ப்போம் என்று சிறுவர்களிடம் வந்துவிட்டார்.

1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தொடங்கியது. சுவாமிகளுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. பெண்வேஷ நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தன் மூன்று மகன்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடே கொண்டாடியது இவர்களைத்தான். கடைக்குட்டியாக வந்த சண்முகத்துக்கு ஆறு வயது. நடுத்தர வயது தாண்டிய ஒரு முன்னாள் சனீஸ்வரன், ஆறு வயசுப் பொடியனுக்கு நாரதர் வேஷம் சொல்லிக்கொடுக்கிற காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள்.

பாலர் கம்பெனி ஒன்றும் நந்தவனம் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாவைப் பார்க்க முடியாது. ராத்திரி கண்விழிப்பு, காலையில் பாடம், தப்பினால் அடி. மகரக்கட்டு உடைந்து குரல் போனால் பையனின் எதிர்காலமே கேள்விக்குறி. வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று அனுப்பப்பட்ட ஏழைப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். பின்னால் வேறு வேறு கம்பெனிகளில் இதே வழியாக வந்தவர்கள்தான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும். இவர்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் கற்காத தமிழைக் கம்பெனியில் கற்றார்கள் என்பது எவ்வளவு உண்மையோ, அதற்குத் தங்கள் குழந்தைப் பருவத்தை விலையாகக் கொடுத்தார்கள் என்பதும் அவ்வளவு உண்மை.

சுவாமிகளின் வேகத்துக்கு ஒரு உதாரணம். சிறுவன் சண்முகம் பிரதான வேஷம் போடுவதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். சாப்பிட்டுவிட்டு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடியும்போது எழுந்தார். பாட்டு, வசனம் எல்லாம் தயார். அடித்தல் திருத்தல் இல்லை. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் ஆனார். எங்கே மேடை ஏறினாலும், தன்னை ஆளாக்கிய வாத்தியார் பெயரைச் சொல்லாமல் இறங்கியதில்லை. சுவாமிகளின் வாழ்க்கை இவ்வளவு தூரம் நமக்குத் தெரிகிறது என்றால் அதற்குப் பெரும் காரணம் அந்த மாணவரின் நன்றி.

அப்படி எழுதிய கையும் பாடிய வாயும் கடைசியில் அவரைக் கைவிட்டன. பக்கவாதம். கை கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது. சபையையே நடுங்க வைத்த குரலுக்குச் சொந்தக்காரர், தான் எழுதிய பாட்டைப் பிள்ளைகள் பாடுவதை வாய் திறக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் கம்பெனியை விட்டுப் போகவில்லை. போவதற்கு வேறு வீடும் இல்லை. கம்பெனி புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, பிரெஞ்சுக் கொடி பறந்த அந்த ஊரில், 1922 நவம்பர் 13-ம் தேதி இரவு உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர், நம் காரைக்காலையும் சேர்த்து ஆண்ட பிரெஞ்சு ஆட்சியின் மண்ணில் போய்ச் சேர்ந்தார்.

சொத்து? பூஜ்யம். அவர் நாடகங்களைக் கம்பெனி கம்பெனியாக எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சினிமா பேச ஆரம்பித்ததும் அங்கேயும் போயின. எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகனாக அறிமுகமான 1934-ம் வருஷத்து 'பவளக்கொடி', மேடையிலிருந்து படச்சுருளுக்கு ஏறியதுதான். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்து புகழ் பெற்ற 'வள்ளி திருமண'மும் அந்த வழி வந்ததே.

ஆனால், அவர் விட்டுப்போன பெரிய சொத்து வேறொன்று. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் கோயில் திருவிழாவுக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று நடக்கும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் நாலாவது ஊர். தனித்தனியாக புக் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. சில நேரம் ஒருவரையொருவர் முதல் தடவையாகப் பார்ப்பதே அன்று ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான். பத்து மணிக்கு மணி அடித்தால் விடியும்வரை நாடகம் பிசிறில்லாமல் போகும். எப்படி? எல்லோருக்கும் தெரிந்தது ஒரே பாடம். சுவாமிகளின் பாடம். சிறுவர்களின் ஞாபகத்தில் அவர் விதைத்தது, முன்பின் தெரியாத நடிகர்களையும் ஒரே கம்பெனி ஆக்கிவிட்டது.

அதனால்தான் ஒவ்வொரு நவம்பர் 13-ம் தேதியும் நாடகக் கலைஞர்கள் அவருக்குக் குருபூஜை செய்கிறார்கள். கருவடிக்குப்பம் சமாதிக்கு வேஷம் கட்டிக்கொண்டே ஊர்வலமாக வருகிறவர்களும் உண்டு. 2019-ல் தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தல் நடந்தபோது, போட்டியிட்ட ஓர் அணி 'சுவாமி சங்கரதாஸ் அணி' என்றே பெயர் வைத்துக்கொண்டது. சினிமா நட்சத்திரங்களுக்கும் ஓட்டுக் கேட்க அவர் பெயர் தேவைப்பட்டது! அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட நாடக நடிகர்களில் பலருக்கு இன்றும் வாடகை வீடு கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒன்றை நினைத்தால்தான் ஆச்சரியமாக இருக்கிறது. எமன் வேஷம் வேண்டாம் என்று உதறிவிட்டுப் போனவர், அதே 'சத்தியவான் சாவித்திரி'யைத் தானே உட்கார்ந்து எழுதினார். அதில் எமனுக்கும் பாட்டு எழுதினார். சாவித்திரி வாதாடி, எமனைத் தோற்கடித்து, போன உயிரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறாள். இந்த வருஷமும் ஏதோ ஒரு கிராமத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு அந்த எமன் வருவார். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாரும் பயந்து விழப் போவதில்லை.