பேர் போட்ட கதை

இங்கிலீஷில் 'டேக்', 'மேக்', 'கிவ்' என்னும் சின்ன வினைகள் இல்லாமல் ஒருநாட் பேச்சு நடவாது. லீவை அவர்கள் 'எடுக்கிறார்கள்'; நாம் 'போடுகிறோம்'. தேநீரை அவர்கள் 'செய்கிறார்கள்', நாம் 'ஊற்றுகிறோம்'. இச்சேர்க்கைகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயன்றால் சிரிப்புத்தான் மிஞ்சும். எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதை வழக்கே தீர்மானிக்கிறது. அந்த வழக்கினுள் வரலாறும் ஒளிந்திருக்கும் என்பதை நான் அறிந்தது இரத்தோட்டையில், தோட்டத்து லயமொன்றில்.

பாடசாலையில் ஒருநாள் 'மேக் எ நேம்' என்பதற்கு ஆசிரியர் தமிழ் கேட்டார். "பேர் போடுறது, சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது. 'பேர் எடுப்பது' என்று அவர் திருத்தினார். மாலையில் அப்பாயியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பேரு போட்டாத்தான்டா சம்பளம். பேரு எடுத்து என்னா செய்யப் போற?"

அந்தக் கேள்வியின் பின்னால் நீண்டதொரு பாதை கிடக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர் தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் விடியற்காலைப் பெரட்டு மாறவில்லை. 'பரேட்' என்ற சொல்லே நம்மவர் வாயில் 'பெரட்டு' ஆயிற்று. செக்ரோலில் ஒருநாள் வேலையைப் பதிவது 'பேர் போடுதல்'. வேலை குறைந்ததென்று கண்டால் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். முழு நாளும் மலையில் நின்ற மனிதருக்குப் பாதிப் பெயர்!

துரைமாரும் தமிழ் படித்தார்கள். அவர்களுக்காகக் கொழும்பில் அச்சான கைநூலொன்றின் தலைப்பே 'இங்கே வா' என்பது. வினை ஒன்று, அதுவும் ஏவல். நம் 'துண்டு' என்ற சொல்லையும் அவர்கள் இங்கிலீஷுக்குள் கொண்டுபோயினர். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதித் தந்த சீட்டே துண்டு. அது இன்றி வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பெயர்ச்சொற்கள் இரு பக்கமும் தாராளமாகக் கடந்தன. வினையைப் பாருங்கள்: துண்டைக் 'கொடுத்தவர்' துரை, பேரைப் 'போட்டவர்' கணக்கப்பிள்ளை. நம்மவருக்கு எஞ்சியது வாங்குவதும் காத்திருப்பதுமே.

ஆசிரியரின் திருத்தம் சரியானதே. 'பேர் எடுப்பது' தானே உழைத்துப் பெறுவது. 'பேர் போடுவது' இன்னொருவர் பேனா செய்வது. அப்பாயி வாழ்நாளெல்லாம் உழைத்தார். ஆனால் அவருடைய பேரைப் போடும் பேனா ஒருநாளும் அவர் கையில் இருந்ததில்லை. அன்று வகுப்பில் நான் சொன்ன விடை இலக்கணப் பிழை. எங்கள் லயத்தில் அது பிழையல்ல.